அம்பாசிடர் டேஷ்போர்டில் இடைச்செருகல்: ஓர் ஆய்வு

முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்போரம் என் மச்சான் நிறுத்தி வைத்திருக்கும் மார்க் 2 அம்பாசிடரில், அந்தக் காலத்துக்கே உரிய வால்வு ரேடியோவை மாட்டிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்துறையில் முன்னாய்வு ஏதும் இல்லை. எனவே முன்னாய்வாளர் அனைவரும் தவறினர் என்று தொடங்குகிறேன்.

கால எல்லை 1957. அவ்வாண்டு மே 20இல் நேரு நெய்வேலிச் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். அக்டோபர் 3இல் விவித் பாரதி ஒலித்தது. அம்பாசிடர் பிறந்ததும் அதே ஆண்டு. இதைத் தற்செயல் என்பார் முனைவர் பட்டம் பெறார். மச்சான் வண்டி அதற்கும் பிந்தியது என்பது முடிவுக்கு இடையூறு, ஆதலால் விடப்பட்டது.

ரேடியோ மாட்டுதல் மூவகை. யு.எஸ்.பி. செட் கடை. பழைய கூட்டுக்குள் புதுச் சரக்கை ஒளிப்பது இடை. புதுப்பேட்டையிலும் காயலான் கடைகளிலும் அலைந்து அசல் செட்டையே கொணர்வது தலை.

‘மாட்டு’ என்னும் சொல்லை நோக்குக. தள்ளிக் கிடக்கும் சொற்களைப் பொருள் வரும்படி இணைப்பதை மாட்டு என்று செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். பேட்டரி பானெட்டுக்குள், ஏரியல் வெளியே, செட் நடுவே. அவர் எதை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை.

இனித்தான் சிக்கல். மச்சான் டேஷ்போர்டில் ரேடியோவுக்கான இடத்தில் ஒரு மூடித்தகடு இருந்தது. அப்படியானால் ரேடியோ மூலபாடமா, இடைச்செருகலா? செருகித்தானே மாட்டுகிறோம், இடைச்செருகலே என்பது ஒரு கட்சி (டீக்கடை மரபு, பெஞ்சு 2). தகடே பிற்காலத்தது என்பது மறுகட்சி (மெக்கானிக் வாய்மொழி, வண்டிக்கு அடியிலிருந்து அருளியது, முழங்கால் மட்டும் தெரிந்தது). தகட்டின் நான்கு ஸ்குரூவில் ஒன்று வேறு மரை என்பதால் அந்த ஒன்று மட்டும் இடைச்செருகல், மற்றவை தொல்பழையன என்பது மூன்றாம் கட்சி (சர்வீஸ் நோட்டு, ஆயில் கறை படிந்த ஏடு, மூன்றாம் மடிப்பு, கரையான் விட்டுவைத்த பகுதி; ஒப்புநோக்குக: அதன் பின்புறத்துப் பலசரக்குக் கணக்கில் ‘வெல்லம் 2 கிலோ’ என்னும் அடியும், அதை அடித்து ‘1’ என்று திருத்திய அக்காளின் பாடபேதமும்). தமக்கு ஒத்துவராத சூத்திரத்தை இடைச்செருகல் என்று தள்ளும் நம் பேராசிரியர்களின் நெறிப்படி, எனக்கு ஒத்துவராத தகட்டை நான் கழற்றினேன்.

மெக்கானிக் மட்டும், “அந்தக் காலத்துல ஏதுண்ணா வண்டிக்கு ரேடியோ? வாங்குனாலும் போஸ்டாபீஸ்ல லைசென்ஸுக்குக் காசு கட்டணும்” என்றார். கள ஆய்வில் இத்தகைய குறுக்கீடுகள் இயல்பு.

மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாடியோடு இணைவது பிளஸ். அறியாமல் டிரான்சிஸ்டர் செட்டைக் கொடுத்தால் பாட்டுக்குப் பதில் புகை வரும். வால்வு செட் வேறு சாதி. அதற்கு உயர் வோல்டேஜ் வேண்டும். பேட்டரியின் 12 வோல்டை வெட்டி வெட்டிக் கொடுக்க உள்ளே வைப்ரேட்டர் என்றொரு வண்டு ரீங்கரிக்கும். வால்வு சூடேற அரை நிமிடம்.

சூடேறியது. மீடியம் வேவ் முள்ளை நகர்த்தினேன். எங்கோ ஒரு குரல். மச்சான் உற்சாகமாக இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். பிளக்கில் பொறி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் படபடவென்று அதுவே கேட்டது. கன்டென்சர் போட்டோம், பிளக் ஒயரில் ரெசிஸ்டர் போட்டோம். படபட குறைந்து சடசட ஆயிற்று. இன்ஜினை அணைத்தால் குரல் தெளிவு. ஆகவே இப்போது முந்திரி மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்கிறோம்.

கழற்றிய மூடித்தகடு என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஸ்குரூ மூன்றுதான்; இடைச்செருகலை மச்சான் தொலைத்துவிட்டார்.