காற்று இலவசம்

வாடகை மிச்சம், காற்று இலவசம். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் இங்கிலாந்தின் தென்கரையில் ஒருவர் பழைய 26 அடிப் பாய்மரப் படகு வாங்கிக் குடியேறுவார். காற்று இலவசம்தான். அதைப் பிடிக்கும் பாய், பாயை இழுக்கும் கயிறு, படகைக் கட்டிவைக்கும் துறை, இவற்றுக்குத்தான் காசு. துறைக்காரர்கள் ஆளைப் பார்த்து வாடகை சொல்வதில்லை. படகின் நீளத்தை அளந்து சொல்வார்கள்.

முதல் பாடம் கடலைப் பற்றியதல்ல, கழிப்பறையைப் பற்றியது. கைப்பம்பை அடித்தால்தான் எதுவும் வெளியே போகும். வால்வை மூட மறந்தால் கடலே உள்ளே வரும். இரண்டாவது பாடம் பணிவு. ஐந்தரை அடி உயரக் கூரை, ஆறடி மனிதருக்கு அதைத் தினமும் நெற்றியில் எழுதிக் காட்டும். மூன்றாவது பாடம் குளிர்காலத்தில். வெளியே மழை விட்டாலும் உள்ளே தூறல் விடாது; விட்ட மூச்சே கூரையில் படிந்து படுக்கையில் சொட்டும்.

பக்கத்துப் படகுக்காரர் தைரியம் சொல்வார்: பம்பாயில் கட்டிய 32 அடி ‘சுஹைலி’யில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல், தனியாளாக, 312 நாளில் உலகைச் சுற்றி 1969-இல் கரை சேர்ந்தாரே!

நம்மவர் தலையாட்டுவார், கூரையில் இடிக்காமல். ஆறு மாதமாகப் படகு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. எஞ்சினுக்கு ஏதோ ஒரு உதிரிபாகம் வரவேண்டுமாம். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் “கடலில்” என்பார். பொய் இல்லை. தண்ணீர் படகுக்குக் கீழே இருக்கிறது. சில நாள் உள்ளேயும்.