ஆரைக்குத் தெரிஞ்ச கணக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. மாடி மேல இன்னொரு மாடி எடுக்கப் போறியாமே? கெணறு வத்திப்போச்சு, போர்ல வெறுங்காத்து வருது, நீ மேல மேல கட்டு. படிச்ச புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்ல? ஒரு எட்டு கண்மாய்க்குள்ள எறங்கி ஆரைக்கீரைகிட்ட யோசனை கேட்டுட்டு வா.

கார்த்திகையில பாத்திருப்ப. தண்ணி எம்புட்டு ஆழமோ அம்புட்டுக்குக் காம்பை நீட்டி, நாலு இதழ் இலையை மேல மிதக்க விட்டிருந்துச்சு. மூச்சு விடுற துளை அம்புட்டும் மேல்பக்கந்தான். கீழ தண்ணி கெடக்கு, அங்க எதுக்குச் சன்னல்? மாசியில போய்ப் பாரு. அதே கொடிதான். ஆனா புதுசா விடுற இலைக்குக் காம்பு குட்டை, வெறைச்சு நிக்கும். இலை சிறுசு, துளை ரெண்டு பக்கமும். கணுவுக்குக் கணு தூரமும் கொறைஞ்சிரும். பழைய இலையக் கருக விட்டுட்டு வேலையப் பாக்கும். உங்கப்பன் மாதிரி ஓடாத காருக்குப் பன்னெண்டு வருசமா தார்ப்பாய் மாத்திக்கிட்டு இருக்காது.

"ஒத்தச் செடிக்கு இம்புட்டுப் புத்தியா"ங்கிறியா? ஒத்தச் செடின்னு எவன் சொன்னான்? வாய்க்கா ஓரத்து வல்லாரையப் பாரு. ஒரு கணு ஈரத்துல வேர் விட்டிருக்கும், அடுத்தது காஞ்ச வரப்புல. கொடி அறாத வரைக்கும் ஈரத்துல கெடக்கிறது மேட்டுல கெடக்கிறதுக்குத் தண்ணி அனுப்பும். உங்கப்பனும் சித்தப்பனும் பாகம் பிரிச்சப்ப கெணத்துக்கு நடுவுலயே சொவரு வச்சாங்களே, வல்லாரைக்கு அந்த நாகரிகம் வரல.

கோரையப் பத்திக் கேட்டா எனக்குச் சிரிப்பு வந்துரும். அடியில கெழங்கு சங்கிலி கோத்தாப்ல கெடக்கும். நுனிக் கெழங்கு மொளைச்சு நின்னா மத்ததெல்லாம் தூக்கந்தான். போன வருசம் நீ டிராக்டரை விட்டுச் சங்கிலிய அறுத்தியே, ஒவ்வொண்ணும் முழிச்சுத் தனிக்குடித்தனம் வச்சிருச்சு. கோடையில உழுது, கெழங்கு மேல கெடந்து வெயில்ல காஞ்சாத்தான் சாகும். நீ ஈரத்துல உழுத. கோரை உனக்கு மாலை போடணும்டா.

ஆரைய விட்டுட்டேனே. அது பெரணிச் சாதி, பூவும் கெடையாது விதையும் கெடையாது. தண்ணி வத்துறப்போ காம்படியில பயறு மாதிரி கல்லுக்காய் வைக்கும், உள்ள வித்துத்தூளு. அந்த ஓட்டைக் கல்லுல ஒரசித் தண்ணியில போட்டா, கொழகொழன்னு புழு கணக்கா ஒண்ணு நெளிஞ்சு வெளிய வரும். பல பத்து வருசம் காஞ்சு கெடந்த காயே உசுரு புடிச்சிருக்கு.

இந்தா, என் மடியில நாலு கெடக்கு, வச்சுக்க. உன் மூணாவது மாடித் தொட்டியில தண்ணி ஏறுன அன்னிக்கு ஒரசிப் போட்டுப் பாரு. நாளானாலும் பரவாயில்ல, அது பொறுத்துக்கும்.