உடம்பின் காவலை உடைக்கச் சில எளிய வழிகள்

நம் உடம்பு நம்மிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இரவு பகலாக நம்மைக் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த அதிகப்பிரசங்கித்தனத்துக்கு முடிவு கட்ட விரும்புவோருக்காக, வீட்டுக்கு வீடு சோதித்துப் பார்க்கப்பட்ட வழிமுறைகளைத் தொகுத்திருக்கிறோம்.

1. காயத்துக்கு மண் பூசுங்கள். கிழியாத தோலைத் தாண்டிப் பெரும்பாலான கிருமிகளால் உள்ளே வர முடியாது. ஆகவே ஒரு சிராய்ப்பு கிடைத்தால் வீணாக்காதீர்கள். சோப்பு, தண்ணீர் வேண்டாம். மண்ணோ சாணமோ, கைக்கு எட்டியதை அப்புங்கள். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இரண்டிலும் உண்டு.

2. கண்ணைக் கசக்குங்கள். கண்ணீரிலும் எச்சிலிலும் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் இருக்கிறது. பெனிசிலினுக்கு முன்பே, 1922-இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதைப் பற்றி எழுதினார். அதைத் திணறடிக்க, பஸ் கம்பியைப் பிடித்த கை போதும்.

3. காய்ச்சலோடு ஆபீஸ் போங்கள். கிருமியைக் கண்டதும் மூளையின் ஹைப்போதலாமஸ் வேண்டுமென்றே சூட்டைக் கூட்டுகிறது. அந்தச் சூட்டில் பல கிருமிகள் பெருகத் திணறும், வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாகும். கூடவே வரும் அசதி, பேசாமல் படு என்ற உத்தரவு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதை மீறுங்கள். பக்கத்து மேசைக்காரருக்கும் பங்கு கிடைக்கும்.

4. சளிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில், "ரெண்டு நாளைக்கு ஸ்ட்ராங்கா குடுங்க" என்றால் போதும். சளி வைரஸால் வருவது; ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. ஆனால் குடலில் இடம்பிடித்து, கெட்ட கிருமிகளை அண்டவிடாத நல்ல பாக்டீரியாக்களைக் காலி செய்யும். காசநோய்க்காரருக்கு இன்னும் வசதி: ஆறு மாத மருந்தை, இருமல் அடங்கிய இரண்டாம் மாதமே நிறுத்தலாம். மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அஞ்சாத வாரிசுகளைப் பெறும்.

5. தடுப்பூசியைத் தள்ளிப்போடுங்கள். ஒருமுறை வந்துபோன கிருமியை நம் நினைவு செல்கள் ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. தட்டம்மை வைரஸ் அந்த நினைவையே அழிக்கும். ஊசி போடாத குழந்தைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தட்டம்மை வந்தபின் முன்பிருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. "எங்க காலத்துல எல்லாருக்கும் வந்து போச்சு, என்ன ஆயிடுச்சு?" என்பார் வீட்டுப் பெரியவர். அவரையே நம்புங்கள். அப்போது பிழைக்காத குழந்தைகள் மறுத்துப் பேச வரப்போவதில்லை.

6. எதிர்ப்பு சக்தியை 'பூஸ்ட்' செய்யும் பாட்டிலை வாங்குங்கள். எதிர்ப்பு தடம்புரண்டால் நம்மையே தாக்கும்; முடக்குவாதமும் முதல் வகை நீரிழிவும் அப்படி வருபவை. ஆனால் பாட்டிலுக்கு அவ்வளவு வலு கிடையாது. பர்ஸை மட்டும் தாக்கும்.

இத்தனைக்குப் பிறகும் உடம்பு உங்களைக் காப்பாற்றிவிட்டால், தோல்வியை ஒப்புக்கொண்டு குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே இலவசம்.