அண்ணன் ஏற்கெனவே பார்த்துவிட்டார்

அவரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் இனிமேல்தான் போகப்போகிற இடத்துக்கு அவர் எப்போதோ போய், இதைவிட நல்ல பருவத்தில், இதைவிடக் குறைந்த செலவில், இதைவிடப் பெரியதாகப் பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஒரே வகுப்பு, ஒரே வயது, வாடா போடாதான். இவர் மட்டும் அண்ணன். அனுபவத்துக்காக நாங்களே கொடுத்த பட்டம். கிண்டலுக்குக் கொடுத்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது.

அவருடைய மற்ற குணங்களுக்குள் நான் போகவில்லை. பில் வரும்போது போன் பேச வெளியே போவது, அடுத்தவர் சார்ஜரில் தன் போனைச் செருகுவது எல்லாம் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் செய்வதுதான். அண்ணனுக்கென்றே உள்ளது ஒன்றுதான்: ஒப்பீடு.

திமிங்கலச் சுறாவோடு நீந்தலாம் என்று முடிவானதும், மாலத்தீவின் தெற்கு அரி அட்டோல் படம் ஒன்றை வாட்ஸப்பில் ஒருவன் போட்டான். ஆண்டு முழுக்க அவை நடமாடுகிற கடல். இருதயக் குறிகள் குவிந்தன. அண்ணனிடமிருந்து ஒரே கேள்வி: “யாராவது ஓஸ்லோப் போயிருக்கீங்களா?”

ஓஸ்லோப் என்பது பிலிப்பைன்ஸில் செபு தீவின் தென்கோடிப் பக்கம் உள்ள ஊர். அண்ணன் ஆபீஸ் கூட்டத்தோடு ஒருமுறை அங்கே போயிருக்கிறார். அன்றிலிருந்து அது எங்களுக்கு ஊரில்லை, அளவுகோல்.

மாலே விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் டாக்ஸி நிற்கவேண்டிய இடத்தில் படகு நிற்கும். நாங்கள் வாயைப் பிளந்தோம். “வெனிஸ்ல இதைவிடப் பெரிய படகு நிக்கும்” என்றார் அண்ணன். வெனிஸுக்கு அவர் போனதில்லை. அவருடைய மைத்துனர் போயிருக்கிறார். வீட்டில் ஒருவர் பார்த்தால் அது அண்ணன் பார்த்த கணக்கு. டிகுரா தீவில் காலைச் சாப்பாடு மாசுனி: சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து, ரொஷியோடு தருவார்கள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: “தூத்துக்குடியில எங்க சித்தி பண்ணா இன்னும் காரமா இருக்கும்.”

படகில் வழிகாட்டிப் பையன் விதிகளைச் சொன்னான். உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே நீந்தவேண்டும். தொடக்கூடாது. ஃபிளாஷ் கூடாது. “ஓஸ்லோப்ல நாம தள்ளிப் போனாலும் அது விடாது, பக்கத்துல வரும்” என்றார் அண்ணன். பையன் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். 1995-இல்தான் மாலத்தீவில் திமிங்கலச் சுறாவைப் பிடிக்கத் தடை வந்தது, அதற்கு முன்பு அதன் ஈரல் எண்ணெயை எடுத்துப் படகுப் பலகைக்குப் பூசுவார்கள், “எங்க தாத்தாவே ஒருதடவை...” என்று அவன் ஆரம்பித்தான். “குஜராத்லயும் இதே கதைதான்” என்றார் அண்ணன். குஜராத்தில் வேட்டை நடந்ததும், 2001-இல் இந்தியாவிலும் சட்டப் பாதுகாப்பு வந்ததும் உண்மை. ஆனால் அந்தத் தாத்தா ஒருதடவை என்ன செய்தார் என்பது அத்தோடு போயிற்று.

பிறகு தேடல். பவளப்பாறையின் வெளிவிளிம்பை ஒட்டிப் படகு மெதுவாகப் போகும். கூரைமேல் ஒருவர் நின்று தண்ணீரில் நிழல் தெரிகிறதா என்று பார்ப்பார். வரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வெயில் ஏறியது. ஒருத்தன் வாந்தியெடுத்தான். “ஓஸ்லோப்ல ஏழு மணிக்கு இறங்கினா ஏழே காலுக்கு மீன்” என்றார் அண்ணன். அங்கே தினமும் காலையில் மீனவர்கள் சிறு படகில் வந்து குட்டி இறாலை அள்ளிப் போடுகிறார்கள். கோயில் குளத்தில் பொரி போட்டால் மீன் வருகிற மாதிரி அது வருகிறது. இதைச் சொன்னேன். “வருதுல்ல?” என்றார்.

கூரையில் இருந்தவர் கத்தினார். குதித்தோம்.

அந்த மீனைப் பற்றி நான் எழுதினால் மிகையாகிவிடும். சாம்பல் முதுகில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளி, பெட்டி மாதிரி அகன்ற தலை, ஆறு மீட்டருக்குக் குறையாது. அது சோம்பலாக வாலை ஒருமுறை அசைத்தால் நாங்கள் காலைப் பத்து முறை அடிக்கவேண்டியிருந்தது. இன்னொரு நிம்மதியும் இருந்தது. எல்லார் வாயிலும் ஸ்நார்க்கல் குழாய். அண்ணனால் பேச முடியாது.

நிம்மதி நீடிக்கவில்லை. யாரோ தோளைத் தட்டினார்கள். அண்ணன் மீனைக் காட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கி ‘இத்துனூண்டு’ என்றார். பிறகு இரண்டு கையையும் முழுசாக விரித்தார். அந்த அகலம் போதாமல் என்னைக் காட்டி, தொலைவில் தெரிந்த படகின் அடிவயிற்றைக் காட்டி, ‘இங்கேயிருந்து அங்கே வரைக்கும்’ என்றார். இவ்வளவையும் மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லி முடித்தார். திரும்பிப் பார்த்தபோது வால் மட்டும் தெரிந்தது.

சிறிய மீன் என்பது பொய்யில்லை. தெற்கு அரியில் திரிபவை பெரும்பாலும் பருவம் அடையாத ஆண் குட்டிகள். முழுதாக வளர்ந்தால் பத்து மீட்டரைத் தாண்டும், 18 மீட்டர் வரைகூடப் போகும். உண்மை பேசுகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? ஊருக்கு வந்து புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஓஸ்லோபில் இறால் தின்ன வருவதும் பெரும்பாலும் இதே வயதுப் பையன்கள்தான்.

படகில் ஏறியதும் ஆதாரம் காட்ட அண்ணன் போனை எடுத்தார். வழிகாட்டிப் பையன் உண்மையிலேயே ஆர்வமானான். ஒவ்வொரு மீனுக்கும் புள்ளிக்கோலம் தனி. இடப்பக்கச் செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகளைப் படம்பிடித்தால் இன்ன மீன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வானியலில் விண்மீன் கூட்டங்களை ஒப்பிட உருவாக்கிய கணக்குமுறையைத்தான் இந்தப் புள்ளிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். அண்ணனின் படங்களை அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். எல்லாவற்றிலும் அண்ணன் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். செவுளுக்குப் பின்னால் அந்த முக்கியமான இடத்தில், ஒன்றுவிடாமல், அண்ணனின் தலை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. எங்களில் ஒருத்திக்கு நாற்பது வயதுவரை தண்ணீர் என்றாலே பயம். இந்தப் பயணத்துக்காகவே, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, சின்னப் பசங்களோடு குளத்தில் இறங்கி நீச்சல் கற்றாள். அன்றைக்கு அவள் கடைசியாக ஏணி ஏறி வந்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “டேய், அது என்னை...” என்று தொடங்கினாள்.

“இது குட்டிம்மா” என்றார் அண்ணன். “ஓஸ்லோப்ல...”

அவள் வாயை மூடிக்கொண்டு துண்டைத் தேடினாள். அது அவளை என்ன செய்தது? பார்த்ததா, பக்கத்தில் வந்ததா? பிறகு நான் கேட்டபோது “ஒண்ணுமில்ல, விடு” என்றாள். காசு கொடுத்து, பயத்தை விட்டு, கடல் தாண்டி வந்து ஒருத்தி முதல்முறையாக ஒன்றைப் பார்க்கிறாள். அவள் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருவரால் சும்மா இருக்க முடியாதா? இரண்டாம் முறை பார்க்கிறவருக்கு அதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது?

சமீபத்தில் ஒரு கிரகப்பிரவேசப் பந்தி. ஓஸ்லோப் போய்விட்டு வந்த பையன் ஒருவன் அண்ணனுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் அப்பளத்தை நொறுக்கியபடி சொன்னார்: “அங்கே இறால் போட்டுக் கூப்பிடறாங்க தம்பி. நாங்க மாலத்தீவுல பாத்தது தானா வந்தது. எட்டு மீட்டர்.”

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். “குட்டின்னு சொன்னியே?”

“வளராதா?” என்றார் அண்ணன்.

அந்த வயதில் அது ஆண்டுக்கு ஓரிரு சாண் வளர்ந்தால் பெரிது. ஆனால் அந்தக் கடலை அவர் புகழ்ந்து கேட்டது அதுதான் முதல்முறை. அதற்கு நாங்கள் ஊர் திரும்பி, வேறொருவன் வேறொரு கடலுக்குப் போய்வரவேண்டியிருந்தது.

அடுத்து எங்கே போகலாம் என்று பேச்சு நடக்கிறது. அண்ணன் இதுவரை போகாத இடமாக ஒன்று தெரிந்தால் சொல்லுங்கள். அவருடைய மைத்துனரும் போயிருக்கக் கூடாது.