மதில்மேல் பூனைக்கு ஒரு மைக்

அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, செப்டம்பர் பிறந்ததும் ஒரு வகை மனிதருக்குத் திடீர் மவுசு வந்துவிடும். மற்ற நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்றுகூட வீட்டில் அவரைக் கேட்பதில்லை; பதில் வருவதற்குள் கடை அடைத்துவிடும் என்பது மனைவியின் அனுபவம். தேர்தல் வந்தால் மட்டும் நாட்டின் தலையெழுத்தையே அவரிடம் கேட்க ஆள் வருகிறது. வாசலில் தொலைக்காட்சி வேன், கதவிடுக்கில் துண்டறிக்கை, போனில் கருத்துக்கணிப்புக்காரர்கள். ஐயாவின் தகுதி ஒன்றே ஒன்றுதான். யாருக்கு ஓட்டு என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

முடிவு செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, அதைச் சரியான ஊரில் இருந்து செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் ஒருவர் மதில்மேல் பூனையாக ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் திரும்பிப் பார்க்க நாதியில்லை. அந்த மாநிலம் யாருக்கு என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். பென்சில்வேனியா அப்படியல்ல. 2024-இல் அங்கே 19 தேர்வாளர் வாக்குகள், இரு கட்சிக்கும் ஏறத்தாழ சம பலம். அங்குள்ள மதிலுக்குத்தான் மதிப்பு. அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அந்த ஆண்டு பேனர் கட்டி, கோயிலில் பூஜையும் செய்தார்கள். ஊரில் முடிவெடுக்காதவர் ஒருவர்கூட இல்லை. ஓட்டுதான் இல்லை.

செப்டம்பர் 10 அன்று இரவு பிலடெல்பியாவில் நடந்த விவாதத்தில் ஹாரிஸும் டொனால்டு டிரம்பும் நேருக்கு நேர் நின்றார்கள். சுமார் 6.7 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் பெரும்பாலோர் சொந்த அணியின் மேட்ச் பார்க்கிற மனநிலையில் சோபாவில் சாய்ந்தவர்கள்; எதிராளி வாயைத் திறக்கும் முன்பே பொய் என்று கத்துகிறவர்கள். நம்மவர் மட்டும் பரீட்சை ஹாலுக்குள் நுழைந்த கண்காணிப்பாளரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட மக்கள் இன்று நன்றாக இருக்கிறார்களா என்பது முதல் கேள்வி. ஹாரிஸ் தான் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்த கதையிலிருந்து தொடங்கினார். நம்மவர் முட்டை விலையைப் பற்றி ஏதாவது வருமா என்று காத்திருந்தார். பிறகு டிரம்ப், ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்றார். அப்படி நம்பத்தகுந்த புகார் எதுவும் வரவில்லை என்று நகர நிர்வாகம் சொல்லியிருப்பதாக நெறியாளர் குறுக்கிட்டார். பூனையைத் தின்கிறார்கள் என்று கேட்ட பிறகும் நம் மதில்மேல் பூனை இறங்கவில்லை.

விவாதம் முடிந்த சூட்டோடு பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கையில் பூனையோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு, தன் ஓட்டு ஹாரிஸுக்கு என்று அறிவித்தார். அவர் பகிர்ந்த சுட்டி வழியாக வாக்காளர் பதிவுக்கான அரசு இணையதளத்துக்கு 24 மணி நேரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நம்மவரின் மகளும் போயிருப்பாள். அவர் தூங்கப் போனார்.

அதற்குள் கருத்துக்கணிப்பு வந்துவிட்டது. விவாதம் பார்த்தவர்களிடம் சிஎன்என் கேட்டதில் 63 சதவீதம் பேர் ஹாரிஸ்தான் நன்றாகப் பேசினார் என்றார்கள், 37 சதவீதம் பேர் டிரம்ப் என்றார்கள். நம்மவரிடம் கேட்டால் அவரும் ஹாரிஸ் என்றுதான் சொல்வார். சரி, ஓட்டு? "பார்க்கலாம்."

இந்தப் 'பார்க்கலாம்' கேட்டுத் தொலைக்காட்சி விமர்சகர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கணக்கைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் நம்மவர்தான் என்று தோன்றுகிறது. 2012-இல் டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் மிட் ராம்னி வென்றதாக கேலப் கணிப்பில் 72 சதவீதம் பேர் சொன்னார்கள், ஒபாமாவுக்கு 20. வெள்ளை மாளிகையில் தொடர்ந்து இருந்தவர் ஒபாமா. 2016-இல் ஹிலரி கிளின்டன் முதல் விவாதத்தை 62-க்கு 27 என்று வென்றார். அடுத்த இரண்டு விவாதங்களிலும் கணிப்புகள் அவர் பக்கமே இருந்தன. பதவியேற்றவர் டிரம்ப். நன்றாகப் பேசுகிறவர் வேறு, ஓட்டு வாங்குகிறவர் வேறு என்பதை நம்மவர் எந்தப் பட்டப்படிப்பும் இல்லாமல் புரிந்து வைத்திருக்கிறார்.

இவருக்கு நேர் எதிர் வகை ஒன்றும் உண்டு. முடிவை எப்போதோ எடுத்துவிட்டு, கணிப்பையும் அதற்கேற்ப வளைக்கப் பார்க்கிறவர்கள். 1980-இல் கார்ட்டரும் ரீகனும் விவாதித்த இரவில் ஏபிசி தொலைக்காட்சி ஒரு தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தது. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சுமார் 7 லட்சம் அழைப்புகள் வந்தன. ரீகனுக்கு இரண்டு பங்கு, கார்ட்டருக்கு ஒரு பங்கு. காசு வாங்கிக்கொண்டு, கூப்பிட்டவரே மறுபடி கூப்பிடவும் வழி விட்ட இந்தக் கூத்தைக் கணிப்பு என்று சொல்வதா என்று நிபுணர்கள் கொதித்தார்கள். 2016-இல் டிரம்ப், யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் அமுக்கக்கூடிய இணைய வாக்கெடுப்புகளைக் காட்டித் தானே வென்றதாகச் சொல்லிக்கொண்டார். நம்மவர் இந்த வேலைக்கெல்லாம் போகமாட்டார். ஒருமுறை அமுக்கவே அவருக்கு இரண்டு மாதம் வேண்டும்.

அவர் பரம்பரையும் சாதாரணமல்ல. 1992-இல் ரிச்மண்ட் நகரில் நடந்த விவாதத்துக்கு கேலப் நிறுவனம் தேடிப் பிடித்து உட்கார வைத்த 209 பேரும் முடிவெடுக்காதவர்கள்தான். கேள்வி கேட்டதும் அவர்களே. நாட்டின் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்டார். அதிபர் புஷ் தடுமாறினார். அன்றிரவு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும் கேமரா பிடித்துவிட்டது. பில் கிளின்டன் அந்தப் பெண்ணின் அருகே நடந்து போய் ஊர்க் கதை பேசினார். 2008-இல் சிஎன்என், ஓஹையோவின் முடிவெடுக்காதவர்கள் கையில் ஆளுக்கொரு குமிழைக் கொடுத்தது. பிடித்தால் ஒருபுறம், பிடிக்காவிட்டால் மறுபுறம் திருக வேண்டும். ஆண்களுக்கு ஒரு கோடு, பெண்களுக்கு ஒரு கோடு என்று அது திரையின் அடியில் நெளிந்து ஓடியது. வேட்பாளரை விட்டுவிட்டு நாடே அந்தக் கோட்டைப் பார்த்தது. 2016-இல் செயின்ட் லூயிஸ் விவாதத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்டு வந்த ஒருவர் எரிசக்தி பற்றிக் கேட்டார். விடிவதற்குள் அவர் நட்சத்திரம். வேட்பாளர்கள் சொன்ன பதில் யாருக்கும் நினைவில்லை, ஸ்வெட்டருக்குக் கிராக்கி வந்தது.

இவரிடம் எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். 1976-இல் சான் பிரான்சிஸ்கோ விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அதிபர் ஃபோர்டு சொல்லிவைத்தார். அன்றிரவு உடனே கேட்டவர்களிடம் ஃபோர்டுதான் முந்தினார். அது எவ்வளவு பெரிய உளறல் என்று மறுநாள் முழுக்கச் செய்திகள் விளக்கிய பிறகு கேட்டால், கார்ட்டர் எங்கோ போய்விட்டார். பார்த்தது அதே விவாதம்தான். அசல் தீர்ப்பு மறுநாள் காலை காபியோடுதான் வருகிறது என்பதால் நம்மவர் இரவில் வாய் திறக்காததும் ஒரு வகையில் நியாயமே.

2024 விவாதத்துக்குப் பிறகு ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் முடிவெடுக்காத 10 பேரைப் பிடித்துக் கேட்டார்கள். ஆறு பேர் டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தார்கள், மூன்று பேர் ஹாரிஸ் பக்கம். விவாதத்தில் ஹாரிஸ் வென்றதாகக் கணிப்பு கத்திக்கொண்டிருந்த அதே வாரம். மீதி ஒருவர்? இன்னும் முடிவெடுக்கவில்லையாம். அவர்தான் இந்த வர்க்கத்தின் சுத்தமான வித்து. மற்ற ஒன்பது பேரும் கட்சி மாறியவர்கள்.

பென்சில்வேனியாவை டிரம்ப் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் வாக்குகளில் வென்றார். நம்மவர் யாருக்குப் போட்டார் என்று மனைவிக்கே தெரியாது. "ஆரம்பத்திலேயே எனக்குத் தெரியும்" என்று மட்டும் நவம்பர் 6 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை, வேன் போய்விட்டது, போனும் அடிப்பதில்லை.

அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. பிலடெல்பியா பக்கம் உங்கள் மகனோ மருமகளோ குடியுரிமை வாங்கிக்கொண்டு இருந்தால், அந்த செப்டம்பரில் போன் போட்டு யாருக்கு ஓட்டு என்று கேட்டுப் பாருங்கள். "பார்க்கலாம்மா" என்று பதில் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல ஸ்வெட்டர் ஒன்று வாங்கி அனுப்புங்கள், சிவப்பு நிறத்தில்.