ஷட்டர் இல்லாத ஸ்டூடியோ

வேனுக்குள்ளேயே சமைத்து, உறங்கி, ஊர் ஊராகப் போய்ப் போட்டோ எடுத்துப் பிழைக்கலாம் என்ற ஆசை இப்போது பல இளைஞர்களுக்கு வந்திருக்கிறது. போட்டோகிராபருக்கு வண்டி இல்லாமல் முடியாது என்றிருந்த காலத்தில் அதில் குடியிருக்க யாரும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. 1855-ல் கிரிமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன், ஒரு ஒயின் வியாபாரியின் வண்டியை வாங்கி டார்க் ரூம் ஆக்கினார். அன்றைய கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் ஆகவேண்டும். அதனால் டார்க் ரூம் கேமராவின் பின்னாலேயே போனது. உள்ளே வெக்கை, வெளியே ரஷ்ய பீரங்கி. கடைசியில் காலராவும் வர, மனிதர் ஊர் திரும்பினார். இன்று நகத்தளவு மெமரி கார்டு போதும். வண்டிக்கு வேலை இல்லாமல் போன பிறகுதான் அதில் குடியேறத் துடிக்கிறோம்.

தூத்துக்குடியில் இந்தப் பிழைப்பு நடக்குமா? நடக்காது என்பது என் கட்சி. உப்பளத்துப் பக்கம் நிறுத்தினால் வேனின் அடித்தகடு துருப்பிடிக்கும், லென்ஸில் பூஞ்சை ஏறும். அதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. வைத்தியம் இல்லாதது விலாசம். கல்யாண வீட்டாருக்கு வேண்டியது ஆல்பம். அது தாலி கட்டிய மறுநாளே வந்துவிடாது. சில வீடுகளில் வளைகாப்பை ஒட்டித்தான் வந்து சேரும். அதுவரை பெண்ணின் தாய்மாமன் அவ்வப்போது போய் நின்று சத்தம் போட ஒரு கடைவாசல் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே அவர் கண் கடையின் ஷட்டர் மேல்தான் இருக்கும். "போன் நம்பர் இருக்கிறதே, இன்ஸ்டாகிராம் இருக்கிறதே" என்பார்கள். போனை அணைத்து வைத்துவிடலாம். ஷட்டரை இறக்கினாலோ பக்கத்து டீக்கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிடுவார். ஜிஎஸ்டி பதிவுக்கும் முதன்மைத் தொழிலிடம் எது என்று கேட்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வேப்பமரத்தடி என்று எழுதிக் கொடுக்க முடியுமா?

இந்தக் கடற்கரையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று ஒருவர் மறுக்கலாம். சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் வெறும் மணலில் ஓலைக்கொட்டகைகளாக ஓர் ஊரே முளைக்கும். வியாபாரிகள், குளியாட்கள், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டி என்று எல்லாரும் வந்து சேர்வார்கள். சீசன் முடிந்தால் ஊரைக் காணோம். அழுகிய சிப்பியின் வாடைதான் மிச்சம். அங்கே யாருக்கு நிலையான விலாசம் இருந்தது? நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு எப்படித் தீர்ந்தது என்று பாருங்கள். தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பியைப் பங்கு வைப்பார்கள்: மூன்றில் இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போய்விடும். உள்ளே முத்து இருக்கிறதா என்பது எடுத்தவர் தலையெழுத்து. மறுவாரம் யாரையும் தேடிப்போக வேண்டியதில்லை. கடல்கட்டியின் நிலைமை இன்னும் பத்திரம். மந்திரம் பலிக்காத வாடிக்கையாளர் புகார் சொல்லத் திரும்பி வரமாட்டார். 1961-க்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை. கையோடு கணக்கை முடிக்கும் அந்தப் பழக்கமும் அதோடு போய்விட்டது.

வாடகை மிச்சமாகுமே என்பது அடுத்த வாதம். இந்த ஊரில் ஆடிக்கும் மார்கழிக்கும் இந்துக் கல்யாணம் நின்றால், தவக்காலத்தில் கத்தோலிக்கக் கல்யாணம் நிற்கும். வேலை இல்லாத கடைக்கு வாடகை கட்டுவது கசப்புதான். ஆனால் வேன் கடனின் மாதத் தவணை தவக்காலம் அனுசரிப்பதில்லை. சம்பளக்காரராக இருந்தால் தப்பிக்கலாம்: போட்டோகிராபர் லினேயஸ் டிரைப் 1858-ல் மாட்டுவண்டிகளில் சாமான் ஏற்றி மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தது மதராஸ் அரசாங்கத்தின் செலவில். அதையும் கவர்னர் டிரெவெல்யன் வந்து ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார்.

அப்படியும் வேன்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர், கல்யாணத்தை மறந்துவிட்டு ஒரு பிரிண்டரோடு குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் போகட்டும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளியாகவும் குரங்காகவும் போலீஸ்காரராகவும் வேடம் கட்டியவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் திரிவார்கள். சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு, படத்தில் நாக்கை நீட்டும் காளி எந்த ஊர்க் கொத்தனார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இங்கே விலாசம் இல்லாதவர் வாடிக்கையாளர்! படத்தை நின்ற இடத்திலேயே அச்சடித்து, காசையும் அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஃபென்டன் வண்டியின் வேலையும் ஏறக்குறைய இதுவே. பத்தாம் நாள் இரவு வேனை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைக்கவும். அந்தக் கூட்டத்தில் காளிக்கே நிற்க இடம் கிடைக்காது.