கூரைமேல் கல் வைத்த மாப்பிள்ளைக்கு

வா மாப்பிளே, உக்காரு. தோட்டத்துல புதுசாக் கட்டுன உன்ற சாளையைப் போயிப் பாத்துட்டுத்தான் வாறேன். பிரமாதம் போ! பூமாதேவி சித்தே உடம்பை அசைச்சாப் போதும், மிச்சச் சோலியெல்லாம் நீயே முடிச்சு வெச்சிருக்கறே.

நம்மூர்ல ஏது நெலநடுக்கம்னு சிரிக்கறியா? சிரி. 1900-ம் வருசம் பிப்ரவரி 8-ந் தேதி நம்ம கோயமுத்தூர்ப் பக்கமே ஒண்ணு வந்துச்சு. அளவு சுமார் 6-ன்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கறாங்க. 2002-ல போட்ட நெலநடுக்க வரைபடத்துல கோயமுத்தூரு மூணாம் மண்டலம். மிதமான ஆபத்துன்னு அர்த்தமாம். உன்ற சாளைக்கு மிதமே தாராளம்.

காத்துக்குச் சீட்டு பறந்துருமுன்னு கூரை மேல வரிசையாக் கல்லு வெச்சிருக்கறே பாரு, அதைப் பாத்துத்தான் அசந்து போனேன். ஜே போல்ட்டு வாங்கற காசு மிச்சம். ஆனா கூரை ஆடுனா அந்தக் கல்லு ஆகாசத்துக்கா போகும்? மத்தியானம் சோறுண்டுபோட்டுக் கயித்துக் கட்டல்ல நீ கால் நீட்டற எடத்துக்குத்தான் வரும். கட்டலுக்கு நேர் மேல விட்டத்துல அருவாளையும் சொருகி வெச்சிருக்கறே. எமன் வந்தா ஆயுதம் தேடற சிரமங்கூட வேண்டாம்னு ஏற்பாடோ?

மராட்டியத்துல லாத்தூர்ப் பக்கம் கில்லாரின்னு ஒரு ஊரு. 1993 செப்டம்பர் 30, விடியறதுக்கு முன்னால ஆடுச்சு. மண்ணு வெச்சுக் கட்டுன தடிமனான கல்லுச் செவுரு, மேல வெயிலுக்குச் சொகமா மண்ணைக் கொட்டுன கனத்த கூரை. அத்தனையும் தூங்கிட்டிருந்தவங்க மேலயே எறங்கிருச்சு. அந்தச் சுத்துப்பட்டுல கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேரு போயிட்டாங்க. இதுல நான் கேலி பேச ஒண்ணுமில்லை. தலைக்கு மேல கனம் ஏத்தாதேங்கறேன், அவ்வளவுதான்.

கனம்னதும் உன்ற டேங்க் ஞாபகம் வருது. ஆயிரம் லிட்டர், தண்ணி மட்டும் ஒரு டன்னு. அதைக் கொண்டுபோயி, தூணுமில்லாம பெல்ட்டுமில்லாம நிக்கற ஹாலோ பிளாக் செவுத்து உச்சில உக்கார வெச்சிருக்கறே. நிக்கற பஸ் வெடுக்குன்னு கெளம்புனா, தலைல மூட்டை வெச்சிருக்கறவன்தானே மொதல்ல உழுவான்? கீழ மேடை போட்டு எறக்கி வெய்யி. குழாயில தண்ணி கொஞ்சம் மெதுவா வரும். வரட்டுமே, நீ என்ன அவசரமா அஞ்சு மணிக்கு எந்திரிக்கற ஆளா?

உள்ள இரும்பு ராக்கு. அதுல உச்சித்தட்டுல பூச்சி மருந்துப் பாட்டலு. கொழந்தைகளுக்கு எட்டக்கூடாதுன்னு நம்ம அம்மிணி சொன்னதாமா, நியாயந்தான். ஆனா ராக்கைச் செவுத்தோட சேத்து ஒரு ஆணிகூட அடிக்கலை. அது சாஞ்சா மருந்தும் பாட்டலும் கீழ இருக்கற பெட்ரோல் கேன்மேல. பழைய ட்ரங்குப் பெட்டி கெடக்குதில்ல? பாட்டல்களுக்கு நடுவுல சாக்கைத் திணிச்சு அதுல அடுக்கித் தரையிலயே வெச்சுப் பூட்டு. கொழந்தைகளுக்கும் எட்டாது, நெலநடுக்கத்துக்கும் எட்டாது. பெட்ரோல், டீசல் வேற பக்கம், சாளைக்கு வெளிய நெழல்ல. பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவற ஆசிட்டையும் ஒண்ணா வெச்சிருக்கற ஒறவை மொதல்ல பிரி. ரெண்டும் சிந்திக் கலந்தா குளோரின் வாயு வரும். கல்லுக்குத் தப்பிச்சவன் மூச்சடைச்சுப் போவான்.

ராக்குக்கு மேல்பக்கம் ரெண்டு எல் ஆங்கிள் போடு. பூச்சுல அடிக்கற ஆணி நிக்காது. கான்கிரீட்டுலயோ கெட்டியான மரச்சட்டத்துலயோ தொளை போட்டு முடுக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால ஒரு பட்டையோ கயிறோ குறுக்க ஓடட்டும். மம்முட்டி, துரட்டியெல்லாம் கதவோரம் சாத்தாதே. குறுக்க உழுந்துச்சுன்னா, உள்பக்கமாத் தொறக்கற உன்ற கதவு அப்பறம் தொறந்த மாதிரிதான். கதவை வெளிப்பக்கம் தொறக்கறாப்பல மாத்து.

இன்னொண்ணு கேளு. ஜப்பான்ல கோபேன்னு ஒரு பட்டணம், 1995 ஜனவரி 17-ந் தேதி ஆடுச்சு. வீட்டுக்கடியில மாட்டுனவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல வெளிய இழுத்துப் போட்டது வீட்டாளுகளும் அக்கம்பக்கத்துக்காரங்களுந்தான். பெரிய மிசினெல்லாம் அப்பறமாத்தான் வந்துச்சு. நம்ம தோட்டத்துக்குத் தீயணைப்பு வண்டி மட்டும் உடனே பறந்து வருமா? அதனால கடப்பாரை, ஒரு மம்முட்டி, ரம்பம், கயிறு, வண்டி ஜாக்கி, தடிமனான கையுறை, டார்ச் எல்லாம் ஒரு பெட்டில போட்டு, செவுத்தை விட்டுத் தள்ளி வேப்பமரத்தடில வெய்யி. களவு போயிருமுன்னு பயமா? இப்ப மட்டும் என்ன, சாளைக்கு மூணு பூட்டுப் போட்டுட்டு மாத்துச் சாவியை உள்ளயே ஆணில மாட்டி வெச்சிருக்கறே!

ஆட்டம் நின்னதும் பவர் வீடரு என்னாச்சோன்னு உள்ள ஓடாதே. பின்னாலயே இன்னொரு ஆட்டம் வரலாம். பீடியும் பத்த வெக்காதே. மெயின் சுவிட்சை வெளிய மாத்தி வெச்சீன்னா கரண்டை அமத்த உள்ள போக வேண்டியதில்லை.

தொளை போட ட்ரில்லு மிசின் என்கிட்ட இருக்குது, எடுத்துட்டுப் போ. வரும்போது போன வருசம் வாங்குன ஏணியையும் தூக்கிட்டு வந்துரு, மாப்பிளே.